பால் பைத்தான் வயிறு செவந்திருக்கா? "உரிக்கப் போகுது"ன்னு சொல்றவன நம்பி உக்காந்திராதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்லேர்ந்து ஒரு தம்பி எங்க கிளினிக்குக்கு போட்டோவோட கேட்டிருக்காரு. வீட்ல வளக்குற சின்ன மலைப்பாம்பு வகைதான் பால் பைத்தான், இவருது பனானா மோர்ஃப், அதாவது மஞ்சக் கலர் ரகம், ஒன்றரை வயசாம். ஒரு மாசமா வயித்துச் செதில் செவந்து அங்கங்க மஞ்சளா தடிச்சிருக்கு, தாடைக்குக் கீழ கருப்பு கருப்பா புள்ளி, போன தடவ தோல் துண்டு துண்டா உரிஞ்சிருக்கு. வித்தவன்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டா "உரிக்கப் போகுது பிரோ, நார்மல் லா, தண்ணி நல்லா ஸ்ப்ரே பண்ணு"ன்னு சொல்லிட்டு, 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) லேபிள் இல்லாத ஒரு ஸ்ப்ரேயும் கோழிக்குப் போடுற ஆண்டிபயாட்டிக் ஊசியும் போஸ்ட்ல அனுப்பிட்டான். கிளினிக் போனா லைசென்ஸ் கேப்பாங்கன்னு தம்பிக்குப் பயம், வீட்ல அம்மா பாம்ப தோட்டத்துல விட்டுட்டு வாடான்னு சத்தம் போடுறாங்களாம்.

தம்பி, அந்த ஊசிய இன்னும் போடலன்னா போடாதீங்க, தண்ணி ஸ்ப்ரே பண்றதயும் இன்னிக்கே நிறுத்துங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.

உரிக்கப் போற பாம்புக்கு ஒடம்பு பூரா மங்கும், வயிறு லேசா ரோஸ் கலர்ல தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஒரே சீரா இருக்கும், கண்ணு நீலம் பூத்து மங்கிப் போகும், அப்புறம் கண்ணு தெளிஞ்சு சில நாள்ல தோல கழட்டிடும், மொத்தமா ஒரு ரெண்டு வாரத்து வேல. உங்களுது ஒரு மாசமா செவந்திருக்கு, அதுவும் திட்டு திட்டா, போட்டோல கண்ணு தெளிவா இருக்கு. கைய கழுவிட்டு பெருவெரலால வயித்துச் செதில தலையிலேர்ந்து வால் பக்கமா மெதுவா தடவிப் பாருங்க. நல்ல செதில் வழுவழுன்னு போகும். கெட்ட செதில் ஓரம் தூக்கிக்கிட்டு வெரல்ல தட்டும், சில எடம் மெத்துன்னு அமுங்கும், கொப்புளத்துல தண்ணி மாதிரி இருக்கும், முத்திப் போச்சுன்னா நாத்தமே வரும். அது செதில் அழுகல், ஸ்கேல் ராட்னு சொல்றது. உங்க போட்டோல மஞ்சளா தடிச்சிருக்கிற எடம் எனக்கு அப்படித்தான் தெரியுது. (டப்பாவுக்கு சூடு குடுக்குற ஹீட் மேட்ட, சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் இல்லாம போட்டு வயிறு வெந்தாலும் இதே மாதிரி தெரியும், நீங்க மேட் போடலன்னு எழுதுனதால அத விட்டுட்டேன்.)

ஏன் வந்துச்சுன்னா ஈரம்தான். இன்டர்நெட்ல பாம்பு வளக்குறதப் பத்தி வர்ற வீடியோ முக்காவாசி அமெரிக்கா, இங்கிலாந்துக்காரன் போடுறது, அங்க குளிருக்கு வீட்ல ஹீட்டர் ஓடி காத்து காஞ்சு கெடக்கும், அதனால தெனம் தண்ணி அடி, டப்பாவ மூடி வையின்னு சொல்றான், அவன் ஊருக்கு அது சரி. நம்ம ஊர்ல சாதாரணமாவே காத்துல ஈரம் 80 சதவீதம் பக்கம் நிக்கும், மழ பேஞ்ச ராத்திரி அதுக்கும் மேல. பால் பைத்தானுக்கு 55லேர்ந்து 65, உரிக்கிற நேரத்துல 70 போதும். இதுல பிளாஸ்டிக் டப்பாவுல தேங்காநார் தூள் போட்டு, மூடி, காலையும் சாயங்காலமும் தண்ணி அடிச்சா அடில இருக்கிற தூள் காயவே காயாது, பாம்பு ராத்திரி பகலா அதும்மேலயே வயித்த வெச்சுப் படுத்திருக்கு, வேற என்ன ஆகும்? ஏர்கான் ரூம்ல வெச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் கணக்கு வேற, அங்க காத்து காஞ்சிரும். ஈரத்த அளக்குற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்கி டப்பாவுக்குள்ளயே வைங்க, கைய வெச்சுப் பாத்து குத்துமதிப்பா சொல்ல முடியாது.

இப்ப அந்தக் கருப்புப் புள்ளி. இதுல கொஞ்சம் நிதானமா போகணும், ஏன்னா உங்களுது பனானா. பனானா மோர்ஃப்க்கு வயசு ஏற ஏற மஞ்சத் தோல்ல கருப்புப் புள்ளி தானா வரும், அது சீக்கு இல்ல, அந்த ஜாதியோட கலரே அப்படித்தான், அதப் பாத்து பேன் (மைட்னு சொல்ற, ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சி) வந்துருச்சுன்னு பயந்து நல்ல பாம்ப மருந்துல குளிப்பாட்டி சாகடிச்சவங்க இருக்காங்க. அதே நேரம் பனானாதானேன்னு விட்டு, நெஜமாவே பேன் ஏறி ரத்தம் குறைஞ்சு போன பாம்பும் வருது. எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னா, வெள்ள டிஷ்யூவ தண்ணில நனைச்சு தாடைக்குக் கீழ இருக்கிற மடிப்புல, கண்ண சுத்தி, கழிவு வர்ற எடத்துகிட்ட மெதுவா ஒத்தி எடுங்க. கலர் புள்ளின்னா டிஷ்யூல ஒண்ணும் வராது. பேன்னா குண்டூசி முன அளவுல கருப்பா ஒட்டும், நகரும், நசுக்குனா செவப்பா தீத்தும். சந்தேகம் தீரலன்னா ராத்திரி ஒரு போட்டோ, காலையில அதே எடத்துல ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, கலர் புள்ளி எடம் மாறாது. புள்ளி செதிலுக்கு மேல தட்டையா இருக்கா, செதில் ஓரத்துக்கு அடியில சொருகிட்டு முட்டிக்கிட்டு நிக்குதான்னு போன்ல பெருசு பண்ணியும் பாக்கலாம். தண்ணிக் கிண்ணத்து அடியில கருப்பா செத்துக் கெடந்தாலும், பாம்பு எந்நேரமும் தண்ணிக்குள்ளயே சுருண்டு கெடந்தாலும் பேனா இருக்கலாம்னு பாருங்க. ரெண்டும் ஒரே பாம்புல சேந்தும் இருக்கலாம், அதனால முதுகுல இருக்கிறது கலர்தான்னு தெரிஞ்சதும் தாடைய பாக்காம விட்டுடாதீங்க. உங்க போட்டோல தாடைக்கு அடியில மட்டும் கூட்டமா இருக்கு, எனக்கு பேன் மேலதான் சந்தேகம். தோல் துண்டு துண்டா வந்ததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்.

பேன்னு தெரிஞ்சா பாம்ப மட்டும் கழுவி பிரயோஜனம் இல்ல. அது முட்ட போடுறது டப்பா இடுக்குல, மூடி ஓரத்துல, ஒளிய வெச்சிருக்கிற மரத்துண்டுல. ரெண்டு மூணு வாரத்துல அடுத்த கூட்டம் பொரிச்சு ஏறிரும், "மருந்து போட்டேன் போயிருச்சு, திரும்ப வந்துருச்சு"ன்னு எல்லாரும் சொல்றது இதுனாலதான். தூள் பூரா பிளாஸ்டிக் பையில கட்டி வெளிய போடுங்க, டப்பாவ சுடு தண்ணி சோப்பு போட்டு தேயுங்க, மரத்துண்ட தூக்கிப் போட்டுட்டு கீழ பழைய பேப்பர் விரிங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்துங்க. செதில் அழுகலுக்கும் இதே காஞ்ச பேப்பர்தான் பாதி வைத்தியம். கிளினிக் போற வரைக்கும் அயோடின் மருந்த (போவிடோன் அயோடின்) தே ஓ, அதாவது பால் இல்லாத டீ கலருக்குத் தண்ணில கலந்து, வயிறு நனையிற அளவுக்கு மட்டும் ஒரு கால் மணி நேரம் வெச்சு, நல்லா தொடச்சு காய வெச்சு விடலாம். மஞ்சள், தேங்காண்ண, கோடாலித் தைலம், கொசு ஸ்ப்ரே எதுவும் வேணாம். கொசு ஸ்ப்ரேல பேனோட பாம்பும் சேந்து சாகும்.

அந்த வித்தவன் அனுப்புன பொருளுக்கு வரேன். லேபிள் இல்லாத பாட்டில்ல உள்ள என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது. எவனோ மொத்தமா வாங்கி, சின்ன பாட்டில்ல ஊத்தி, அடுத்தவன் கைக்கு மாத்தி மாத்தி வருது. கோழி ஊசி அதவிட மோசம், சதைய அரிக்கிற மருந்து அதுல இருக்கலாம், போட்ட எடம் செத்து குழி விழுந்து வர்ற பாம்ப நாங்க பாக்குறோம். பாம்புக்கு நாங்க குடுக்குற செஃப்டாஸிடிம்ங்கிற மருந்து மூணு நாளைக்கு ஒரு தடவ, எடைய கிராம்ல பாத்து அளவு போடணும், ஒடம்புல எந்தப் பக்கம் குத்தணும்னே ஒரு மொற இருக்கு, அந்த வெவரம் உங்களுக்கு வேணாம், பாம்ப கொண்டாந்தா போதும். இவனுங்க "7 நாள் கேரண்டி"ன்னு விக்கிறதும் ஏமாத்து. ஈரத்துல வர்ற சீக்கு தெரியிறதுக்கே அதவிட அதிகமா நாளாகும்.

லைசென்ஸ் விஷயத்துலயும் இவனுங்கதான் உள்ள பூந்து வெளையாடுறானுங்க. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துப் பாம்பு, சைட்டிஸ்ங்கிற சர்வதேச வனவிலங்கு வியாபார ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, நம்ம தீபகற்ப மலேசியாவுல 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், அதான் ஆக்ட் 716, அதுப்படி பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கக் கூடாது. அதுல ரெண்டாவது பேச்சு இல்ல. லைசென்ஸ்ல உங்க பேரு இருக்கணும். "என் லைசென்ஸ் காப்பி தரேன், கேட்டா காட்டு"ன்னு ரன்னர் (நடுவுல நின்னு காசு பாக்குற தரகன்) காசு வாங்கிட்டு தர்ற பேப்பர் ஒண்ணுத்துக்கும் ஆகாது. ஆனா எனக்கு ஆத்திரம் வர்றது வேற எடத்துல. போன்ல ரெண்டு நிமிஷத்துல பாம்பு வாங்கிடலாம், சட்டப்படி வெச்சுக்க நெனைக்கிற எஸ்டேட் பையன் எந்த ஃபாரம், எங்க போறதுன்னு தெரியாம வேலைக்கு லீவு போட்டு அலையணும், அலையிறவன்கிட்டதான் ரன்னர் வந்து நிக்கிறான். இன்னொரு பக்கம் சின்ன ஊர்ல பாம்பு பாக்குற டாக்டர் கெடைக்கிறதே கஷ்டம், நாயி, பூன, ஆடு, மாடுன்னா உடனே பாப்பாங்க, பாம்புன்னா வாசல்லயே திருப்பி அனுப்புறாங்க. லைசென்ஸ் பயத்துலயும் அலைச்சல்லயும் ஜனங்க கிளினிக்க தள்ளிப் போடுறாங்க, அந்த நேரத்துல செவப்பு கொப்புளமாகி, ரத்தத்துல கலந்து, அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பயந்துக்கிட்டு வராம இருக்காதீங்க. வைத்தியமும் நடக்கட்டும், லைசென்ஸ் வேலையும் நீங்களே நேர்ல போய் கேட்டு ஆரம்பிங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க, தோட்டத்துல விடவே கூடாது. அது இந்த ஊர்ப் பாம்பு இல்ல, தானா பொழைக்காது, அதும்மேல இருக்கிற சீக்கும் பேனும் நம்ம காட்டுப் பாம்புங்களுக்குப் போகும், சட்டத்துக்கும் தப்பு. நீங்க செம்பனைக்காட்டு எலி புடிச்சுப் போடுறேன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க, அத இன்னியோட நிறுத்துங்க. தோட்டத்துல எலிக்கு வெக்கிற மருந்து ரத்தம் ஒறையாம பண்றது, தின்ன எலி உடனே சாகாம சில நாள் நடமாடும், அதப் புடிச்சுப் போட்டா வெஷம் பாம்புக்கும் போகும். எலி மூத்திரத்துல உங்களுக்கும் காய்ச்சல் வரும். கடையில வளத்து, ஃப்ரீஸ் பண்ணி விக்கிற எலி போதும். இப்ப கொஞ்ச நாள் தின்னலன்னாலும் பரவால்ல, பால் பைத்தான் மாசக்கணக்குல பட்டினி கெடக்கும், எடை மட்டும் எறங்காம பாத்துக்குங்க.

வாய தொறந்து மூச்சு விட்டாலோ, மூக்குல சளி குமிழ் குமிழா வந்தாலோ, ஒடம்பு தொய்ஞ்சு போனாலோ காத்திருக்காதீங்க, அன்னிக்கே கெளம்புங்க. இல்லன்னா இந்த வாரத்துக்குள்ள வாங்க. எங்க பக்கம் வர முடியலன்னா ஈப்போல பாம்பு பாக்குற எடமான்னு போன் பண்ணி கேட்டுட்டு போங்க, ரொம்ப முத்திப் போச்சுன்னா செர்டாங்ல யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) வெட்டினரி ஹாஸ்பிட்டல் இருக்கு, 200 கிலோமீட்டருக்கு மேல ஓடணும். தலகாணி ஒறையில பாம்ப விட்டு வாய முடிச்சு போட்டு, மூடி இருக்கிற கூடையில வெச்சு கொண்டாங்க, மோட்டோ பாக்ஸ்ல வெயில்ல வெக்காதீங்க. கழட்டுன தோல் துண்டு, அந்த டிஷ்யூ, டப்பாவ வெச்சிருந்த மாதிரியே எடுத்த ஒரு போட்டோ, அவன் அனுப்புன ரெண்டு பாட்டிலும் கூடவே எடுத்துட்டு வாங்க.