ஒரே டிவிஷனுக்கு நான்கு விக்டோரியா கிராஸ்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஒரே இந்திய டிவிஷனைச் (பல ரெஜிமென்ட் வீரர்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) சேர்ந்த பலர், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கியிருக்கிறார்களா?

வாங்கியிருக்கிறார்கள். பர்மாவில் போரிட்ட 17ஆவது டிவிஷனைத்தான் இதற்குப் பெரும்பாலும் சொல்வார்கள். நான் இத்தாலியில் போரிட்ட 8ஆவது இந்திய டிவிஷனைச் சொல்ல விரும்புகிறேன். 1944 மே முதல் 1945 ஏப்ரலுக்குள் அதன் நான்கு வீரர்களுக்கு இந்தப் பதக்கம் கிடைத்தது. நம்மில் பலர் அவர்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

முதலில் கமல் ராம். ராஜஸ்தானின் கரௌலிப் பக்கத்துக்காரர், வயது 19, 8ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட். 1944 மே 12 அன்று காரி ஆற்றைக் கடந்த அவருடைய கம்பெனியை நான்கு எந்திரத் துப்பாக்கி நிலைகள் நகரவிடாமல் அடித்தன. வலப்பக்கத்து நிலையைப் பின்னால் போய் அடக்க யார் வருகிறீர்கள் என்று கம்பெனி கமாண்டர் கேட்டதும் இவர் முன்வந்தார். கம்பிவேலிக்குள் ஊர்ந்து தனியாகவே அதை முடித்தார், பிறகு இரண்டாவதையும். மூன்றாவதை ஒரு ஹவில்தாரோடு சேர்ந்து அழித்தார். அவர் பார்த்த முதல் சண்டையே அதுதான்!

அடுத்து தமன் குருங். 1944 நவம்பர் 10, சான் பார்தோலோ மலை. கூர்க்கா வீரர்கள் பின்வாங்க அவகாசம் வேண்டும் என்பதற்காக, எதிரிக்கு நன்றாகத் தெரியும்படி மலை உச்சியில் நின்று சுட்டார். டாமி கன்னில் தோட்டா தீர்ந்ததும் கையெறி குண்டு வீசினார். அதுவும் தீர்ந்ததும் பிரென் துப்பாக்கியை எடுத்து இரண்டு மேகசினை முழுதாகச் சுட்டுவிட்டு உயிர்விட்டார். நால்வரில் இறந்தபின் பதக்கம் பெற்றவர் இவர் ஒருவரே.

1945 ஏப்ரல் 9. செனியோ ஆற்றில் அந்த ஒரே நாளில் இரண்டு விக்டோரியா கிராஸ். மராட்டா லைட் இன்ஃபென்ட்ரியின் நாம்தேவ் ஜாதவ் ஒரு கம்பெனி ரன்னர், அதாவது தகவல் கொண்டு ஓடுபவர். குண்டுமழைக்கு நடுவே காயம்பட்ட இருவரை ஆழமான தண்ணீரிலும், கண்ணிவெடி புதைத்த கரையிலும் சுமந்துபோய்ப் பத்திரமான இடத்தில் சேர்த்தார். அதோடு அவர் கடமை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் திரும்பிப் போனார். ஒரு எந்திரத் துப்பாக்கி நிலையைத் தன் டாமி கன்னால் அடக்கினார். கையில் குண்டு பாய்ந்து துப்பாக்கியால் சுட முடியாமல் போனதும், கையெறி குண்டுகளை வைத்தே மேலும் இரண்டு நிலைகளை அடக்கினார். அப்புறம் கரைமேல் ஏறி நின்று, சிவாஜி மகாராஜ் பெயரைச் சொல்லி முழங்கி, மற்ற வீரர்களை ஆற்றைக் கடக்கச் சொல்லிக் கையசைத்தார். என்னைப் பொறுத்தவரை இந்த நான்கில் இதுதான் உச்சம்: ஆளைக் காப்பாற்றியதும் எதிரியை வீழ்த்தியதும் ஒரே மனிதர், ஒரே சண்டையில்.

அதே ஆற்றில் ஃபிரன்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸின் அலி ஹைதர் இரண்டு எதிரி நிலைகளைப் பிடித்தார். இரண்டாவதை நோக்கிப் போனபோது காலிலும் கையிலும் பலத்த காயம்பட்டு, ரத்தம் கொட்டக் கொட்ட ஊர்ந்தே போனார்.

சரி, இவர்களை ஏன் சேர்த்துப் பேசுவதில்லை? 1947க்குப் பிறகு அலி ஹைதரின் கோஹாட் பகுதி பாகிஸ்தானில். தமன் குருங்கின் ஊர் நேபாளத்தில், அவருடைய ரெஜிமென்ட்டோ இந்தியாவில். கமல் ராமின் 8ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது, அவர் இந்திய ராணுவத்தில் தொடர்ந்தார். ஒவ்வொரு நாடும் தன் பங்கை மட்டும் எண்ணும்போது டிவிஷன் என்ற கணக்கே காணாமல் போய்விடுகிறது.