செத்த விதை முளைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

உயிர்த்தெழுந்த ஞாயிறை (ஈஸ்டரை) ஒட்டி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே. ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ‘நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே’ என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15:36). நாற்பது வருஷமாக நாற்றங்கால் விடுகிறேன். செத்த விதை முளைத்து நான் பார்த்ததில்லை. அப்போஸ்தலருக்கு விவசாயம் தெரியாதா?
– திருப்பனந்தாள் வாசகர்

பதில்: பவுல் பட்டணத்துக்காரர், கூடாரம் தைத்துப் பிழைத்தவர். வயலில் அவர் உங்களிடம் பாடம் கேட்க வேண்டியவர்தான். ஆனால் இந்த வசனத்தில் அவர் தப்பவில்லை ஐயா.

நீங்கள் செய்வதையே எடுத்துக்கொள்வோம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பு கரைத்து, முட்டை மிதக்கிறதா என்று பார்த்து, விதையைக் கொட்டுகிறீர்கள். மிதக்கிற பதரைத் தள்ளிவிட்டு, அடியில் தங்கியதை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு நாள் வைக்கிறீர்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் விதைக்கிறீர்கள். மூட்டையைத் தண்ணீரிலேயே மறந்து விட்டால் காற்றில்லாமல் புளித்த வாடை வந்துவிடும். அதுதான் நீங்கள் சொல்லும் செத்த விதை. அது முளைக்காது, பவுலும் அதைச் சொல்லவில்லை.

அவர் சொல்வதைப் பார்க்க, இருபதாம் நாள் நாற்று ஒன்றை வேரோடு பிடுங்கி மண்ணை அலசுங்கள். அடித்தண்டில் உமி ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே அரிசி இருக்காது, வெறும் கூடு. விதைத்த நெல்லைத் திரும்ப எடுக்க முடியாதபடி அது இலைக்கும் வேருக்கும் செலவாகிவிட்டது. ஆனாலும் பொன்னி விதைத்த பாத்தியில் பொன்னிதான் நிற்கிறது. பழைய உருவம் போயிற்று, அடையாளம் போகவில்லை. அடுத்த இரண்டு வசனங்களில் பவுல் சொல்வது இதைத்தான்: விதைப்பது வெறும் மணி, ஒவ்வொரு விதைக்கும் அதற்கேற்ற மேனியைத் தேவன் கொடுக்கிறார்.

இந்த உவமையை இழுக்கக் கூடாத ஓர் இடமும் உண்டு. விதைக்குள் முளைக்கிற சக்தி இருக்கிறது, அதுபோல மனிதனுக்குள்ளும் சாகாத ஒன்று இருக்கிறது என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். பவுல் ‘கொடுக்கிறார்’ என்றுதான் எழுதினார், ‘தானாக வருகிறது’ என்று எழுதவில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்வதும் ‘சரீரம் உயிர்த்தெழுதல்’. சரீரம் என்ற அந்தச் சொல்லை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கீழே வரும் பதில்களெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கின்றன.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன், ‘சீஷர்கள் பின்னாளில் கட்டிய கதை’ என்கிறான். என்ன சொல்வது?
– மன்னார்குடி வாசகி

பதில்: வாக்குவாதம் வேண்டாம் அம்மா. 1 கொரிந்தியர் 15:3–8ஐ அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கடிதம் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது, சிலுவை மரணத்துக்குப் பின் சுமார் இருபத்தைந்து வருஷம். கண்டவர்களைப் பட்டியல் போட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் எழுதுகிறார். போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் தொனி. அடுத்து லூக்கா 24:11. கல்லறைக்குப் போன பெண்கள் சொன்னது அப்போஸ்தலருக்கு ‘வீண்பேச்சாக’த் தோன்றியதாம். பெண்ணின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. கதை கட்டுகிறவன் பெண்களை முதல் சாட்சியாக நிறுத்துவானா, தலைவர்களே நம்பவில்லை என்று எழுதுவானா என்று கேளுங்கள். இதனால் அவன் உடனே நம்பிவிடுவான் என்று சொல்லமாட்டோம். கேள்வியை மேலோட்டமாக விட்டுவிடாமல் இருப்பான், அது போதும்.

கேள்வி: கணவர் இறந்து ஏழு மாதம். அழுதால், ‘உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவள் இப்படி அழலாமா’ என்கிறார்கள். காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.
– பட்டுக்கோட்டை வாசகி

பதில்: அழலாம் அம்மா. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் மனதில் வைத்திருப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13. அதில் ‘துக்கிக்காதீர்கள்’ என்று முற்றுப்புள்ளி இல்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்காதபடிக்கு என்றுதான் இருக்கிறது. நம்பிக்கையோடும் துக்கப்படலாம். லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசுவுக்கு, சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவது தெரியும். அப்படியிருந்தும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). அழுகை விசுவாசக் குறைவு என்றால் முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

‘எதற்கு எழுந்திருப்பது’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட மனமில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களுக்கு அன்று என்ன நடந்தது என்று கவனியுங்கள். மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நின்றாள், அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் அவளுக்கு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ‘போய் என் சகோதரரிடம் சொல்’ என்று ஒரு வேலை கொடுத்தார். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்குக் கடற்கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் காத்திருந்தன. முதலில் சாப்பாடு, பிறகுதான் ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’. எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்குத் துக்க முகத்தோடு நடந்த இருவர், அவரைக் கண்டதும் அந்த இரவே பதினொரு கிலோமீட்டர் திரும்பி நடந்தார்கள். வாழ்க்கை முழுவதற்கும் திட்டம் யாருக்கும் தரப்படவில்லை. அடுத்த வேலை மட்டும் தரப்பட்டது.

நீங்களும் அந்த அளவிலேயே தொடங்குங்கள். முந்தின இரவே ஒரு தாளில் மூன்று வரி எழுதிவையுங்கள்: நாளைக்கு என்ன சமைப்பேன், யாரைப் பார்ப்பேன் அல்லது யாருக்குப் போன் செய்வேன், கையால் எதை முடிப்பேன். பத்து வரி எழுதினால் மத்தியானத்துக்குள் தோற்றுப்போன எண்ணம் வரும், மூன்றோடு நிறுத்துங்கள். தனக்கு மட்டும் என்றால் உலை வைக்க மனம் வராது. வாரத்தில் இரண்டு நாளாவது இன்னொருவருக்கும் சேர்த்து ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போடுங்கள். கோயிலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்த இடம் நெஞ்சை அடைத்தால் வேறு வரிசையில் உட்காருங்கள், தப்பில்லை. அவர் பிறந்த நாள், கல்யாண நாள், முதல் வருஷத் திதி இந்த மூன்றிலும் தனியாக இருக்காதபடி இப்போதே யாரிடமாவது சொல்லிவையுங்கள். சாவு வீட்டுக்கு வந்த கூட்டம் முப்பதாம் நாளோடு கலைந்துவிடுகிறது. ஏழாம் மாதம்தான் வீடு உண்மையில் காலியாகிறது. (சபையார் இதை வாசித்தால், அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள், வசனம் சொல்ல வேண்டாம், காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.)

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ சரியாக இல்லை என்றாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, ஜெபத்தோடு டாக்டரிடமும் போக வேண்டும். 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். மருந்து சாப்பிடுவது விசுவாசத்துக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எழுப்பப்படப்போகிற சரீரம் இது, பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: 2004 டிசம்பர் 26 அன்று என் தங்கையைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றும்போது நாங்கள் எங்கே ஏற்றுவது? உடலே இல்லாதவள் எப்படி எழுந்திருப்பாள்?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று வெளிப்படுத்தல் 20:13 சொல்கிறது. கடலில் போனவர்களைத் தனியாக நினைத்துச் சொல்கிற வசனம் அது. மண்ணில் புதைத்த உடலும் நாளாவட்டத்தில் மண்ணாகத்தான் போகிறது. திருச்சபை எலும்பைக் கணக்குப் பார்த்து நம்பவில்லை, எழுப்புகிறவரை நம்புகிறது. அதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல் தகனத்துக்கு அனுமதி தந்தது. அடக்கத்தையே இன்றும் விரும்புகிறது. அஸ்தியைத் தூவாமல் புனிதமான ஓரிடத்தில் வைக்கச் சொல்கிறது.

இன்னொன்று. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. தோமாவுக்கு அதைக் காட்டினார். அவர் பட்டது அழித்துத் துடைக்கப்படவில்லை. உங்கள் தங்கைக்கு அந்தக் காலையில் நடந்ததும் கடவுளிடத்தில் மறக்கப்பட்டதாக இருக்காது.

மெழுகுவத்திக்கு வருவோம். குடும்பக் கல்லறை இருந்தால் அந்தக் கல்லிலேயே தங்கையின் பெயரையும் தேதியையும் வெட்டச் சொல்லுங்கள். ‘அடக்கம்’ என்று போடாமல் ‘நினைவாக’ என்று போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம். கல்வெட்டும் முன், பங்குச்சாமியாரிடமோ போதகரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குடும்பக் கல்லறை இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் ஏற்றலாம். நவம்பர் 2இல் ஐப்பசிக் காற்று அணைத்துவிடும், கண்ணாடிக் குவளைக்குள் வைத்து ஏற்றுங்கள். பூசையிலோ ஜெபத்திலோ வாசிக்கிற இறந்தோர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடல் வராததால் பெயரும் விடுபட்டுப்போயிருக்கலாம்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழு வாய்க்கால் தூர்வாரலாம் என்றது. மூத்தவர் ஒருவர், ‘உலகமே அழியப்போகிறது, ஆத்தும ஆதாயம் பாருங்கள், ஜனங்களை இயேசுவிடம் சேருங்கள்’ என்றார். யார் சொல்வது சரி?
– பொறையாறு வாசகர்

பதில்: தம்பி, உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியையே பாருங்கள். 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஆத்தும ஆதாயம் பார்க்க வந்தவர்தான். அவர் பள்ளிக்கூடம் வைத்தார், தமிழ் படித்தார், அச்சகம் போட்டார், 1718இல் கோயில் கட்டி முடித்தார். 1719இல் முப்பத்தாறு வயதில் போய்விட்டார். உலகம் அழியப்போகிறது என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால் நமக்குப் புதிய ஏற்பாடு அச்சில் வந்திருக்காது.

1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி ஐம்பத்தேழு வசனம் எழுதிவிட்டு, ஐம்பத்தெட்டாவதில் ‘ஆகையால்’ என்று தொடங்குகிறார். மோட்சத்தை எதிர்பார்த்துக் காத்திருங்கள் என்று முடிப்பார் என நினைப்போம். அவர் எழுதியது: நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது. ரோமர் 8:21இல் சிருஷ்டியும் விடுதலையாகும் என்கிறார். ஆகவே மண்வெட்டியை எடுங்கள்.

ஆனால் வேலை தெரிந்து செய்யுங்கள். மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வந்துவிடும். பண்டிகை முடிந்த கையோடு தொடங்கினால் வாய்க்கால் காய்ந்திருக்கும், நாளும் இருக்கும். பெரிய வாய்க்காலில் நீர்வளத்துறையைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். வயலுக்குப் போகிற சின்ன வாய்க்காலை, அதில் பாய்ச்சுகிற விவசாயிகளைக் கூட்டிப் பேசிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கடைமடையிலிருந்து மேல்நோக்கி வாருங்கள், அப்போதுதான் தேங்கிய நீர் வடியும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் பள்ளத்தில் தண்ணீர் நிற்குமே தவிர வயலுக்கு ஏறாது. அள்ளிய சேற்றைக் கரை விளிம்பில் போட்டால் முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கும்; நாலடி தள்ளிப் போடுங்கள். நெய்வேலி காட்டாமணக்கை வெட்டுவதோடு விட்டால் விழுந்த துண்டெல்லாம் ஈரத்தில் தழைக்கும். வேரோடு பிடுங்கி, மேட்டில் வெயிலில் போட்டுக் காயவிட்டு எரித்துவிடுங்கள். சேற்றில் உடைந்த பாட்டில் கிடக்கும், வெறுங்காலோடு இறங்க வேண்டாம். அந்த மூத்தவரையும் கூப்பிடுங்கள். மதகின் அடிமட்டம் எங்கே என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.