கிருமி வளரவில்லை என்றால் மடிநோய் இல்லையா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எட்டுத் தலைச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறேன். ஒரு ஆட்டுக்கு இடது மடி வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. மூன்று நாள் ஊசி போட்டதில் வீக்கம் வடிந்தது. பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. ஊசி போட்ட மூன்றாம் நாள் பாலைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். கிருமி வளரவில்லை என்று முடிவு வந்திருக்கிறது. அப்படியானால் இது மடிநோய் இல்லையா ஐயா?

பதில்: மடிநோய்தான். பால் திரிவதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். சிக்கல் மாதிரி எடுத்த நாளில் இருக்கிறது. ஊசி மருந்து பாலிலும் இறங்கும். அந்தப் பாலை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் தடவினால், இருக்கும் கிருமிகூட வளராமல் போகலாம். போதாக்குறைக்கு, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடிக்குள் பதுங்கிக்கொண்டு ஒருநாள் பாலில் வரும், மறுநாள் வராது. அடங்கித் திரும்பும் மடிநோயில் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். மைக்கோபிளாஸ்மா என்று இன்னொன்று உண்டு. அது சாதாரணத் தட்டில் வளரவே வளராது.

ஆகவே அடுத்த ஊசிக்கு முன்னால் திரும்ப மாதிரி எடுங்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசியிருந்தால் முதலில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, அப்புறம் 5 மில்லி போதும். ஆஸ்பத்திரியில் தரும் கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து வாங்குங்கள். நிமிர்த்திப் பிடித்தால் மயிரும் புழுக்கைத் தூசியும் உள்ளே விழும். பிறகு ஆய்வகம் உங்கள் கொட்டகைக் கிருமியைத்தான் கண்டுபிடித்துச் சொல்லும்! இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் குப்பி. மேலே எழுதி ஒட்டி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றே சேர்த்துவிடுங்கள்.

அங்கே ரத்த அகார் (ரத்தம் கலந்த கூழ்) தட்டில் தடவி, 37 டிகிரி சூட்டில் 24 முதல் 48 மணி நேரம் வைப்பார்கள். வளர்ந்ததைச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். உருண்டைக் கிருமி என்றால், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் நுரைத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு வகை என்று பிரியும். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்ற சோதனையையும் மறக்காமல் கேளுங்கள். பென்சிலினுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் நிறைய உண்டு.

ஒன்று மட்டும்: மடி சில்லிட்டு, நீலம் பாய்ந்து, ஆடு தீனி எடுக்காமல் நின்றால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மடி அழுகத் தொடங்கும் அடையாளம் அது. அந்த மணியிலேயே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள்.

அதுவரை இந்த ஆட்டைக் கடைசியாகக் கறங்கள். திரிந்த பாலைத் தரையில் பீச்ச வேண்டாம், குட்டிக்கும் விட வேண்டாம்.