சைடிங் சீரமைக்க மாநில மானியம்: கையெழுத்துக்கு முன் கட்டையைத் தொடாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில், மத்திய பென்சில்வேனியாவில் பிளாஸ்டிக் குருணைக் கிடங்கு நடத்துகிறேன். சரக்கு ஒரு சிறு ரயில் நிறுவனத்தின் தடம் வழியாக கிடங்குக்குப் பிரியும் எங்கள் கிளைத்தடமான சைடிங்குக்கு வருகிறது. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் மக்கிவிட்டதால் இனி முழுப் பாரம் ஏற்றிய வேகன்களைக் கொண்டுவர முடியாது என்கிறார்கள். சீரமைக்க 4 லட்சம் டாலர் ஆகுமாம். மாநில அரசு 70 சதவீதம் தரும், மானியம் உறுதி, முன்பணமும் கிடைக்கும் தொகையில் 10 சதவீதமும் கொடுத்தால் போதும் என்று ஓர் ஆலோசகர் சொல்கிறார். பனிக்காலத்துக்கு முன் வேலையைத் தொடங்கிவிடலாமா?

பதில்: தொடங்காதீர்கள். மாநிலத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த வேலையை மானியக் கணக்கில் சேர்க்க முடியாது. ‘விண்ணப்பம் போட்டாயிற்று, தொடங்கலாம்’ என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அவருக்கு வேலை வேண்டும், நட்டம் உங்களுடையது.

70 சதவீதம் என்பது உண்மைதான். பென்சில்வேனியாவில் இதற்கு இரண்டு திட்டங்கள் உள்ளன. ரயில் சரக்கு உதவித் திட்டம் போட்டி முறையில் நடப்பது. செலவில் அதிகபட்சம் 70 சதவீதம், அதுவும் 7 லட்சம் டாலருக்கு மிகாமல் கிடைக்கும். சரக்கு ரயிலைப் பயன்படுத்தும் உங்களைப் போன்ற நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் கணக்கில் மாநிலப் பங்கு 2.8 லட்சம், உங்கள் பங்கு 1.2 லட்சம். ஆனால் 1.2 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை நடந்ததற்கான பில்லைக் காட்டிய பிறகுதான் அரசுப் பணம் வரும். அதுவரை ஒப்பந்தக்காரருக்கு யார் கொடுப்பது என்று வங்கியுடன் இப்போதே பேசுங்கள்.

இரண்டாவது, ரயில் போக்குவரத்து உதவித் திட்டம். இதற்கு உங்கள் வேலை மாநிலத்தின் மூலதன வரவுசெலவுச் சட்டத்தில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளூர்ப் பிரதிநிதி ‘உங்கள் திட்டம் சட்டத்தில் வந்துவிட்டது’ என்று கைகுலுக்குவார். செய்தித்தாளில் படமும் வரும். அது பந்தியில் இலை போட்ட கதை. சோறு வேறு சங்கதி. சட்டத்தில் பெயர் இருப்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. நிதி ஒதுக்கப்படாமல் காலம் தள்ளும் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏராளம். ஒரே வகை வேலைக்கு இரண்டு கதவு வைத்து, ஒன்றுக்கு அரசியல் சாவியும் மற்றதற்குப் போட்டிச் சாவியும் எதற்கு என்பது எனக்கு விளங்கியதே இல்லை. உங்கள் அளவு வேலைக்கு முதல் திட்டமே போதும்.

இனி அந்த ஆலோசகர். மானியம் உறுதி என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. போக்குவரத்துத் துறை பரிசீலித்து, மாநிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தந்தால்தான் உண்டு. 2.8 லட்சத்தில் 10 சதவீதம் 28,000 டாலர். அதை மானியத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். அது உங்கள் பையிலிருந்து போகும். துறையின் ரயில் சரக்குப் பிரிவு அதிகாரிகள் கேட்டால் விளக்குவார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் சிறு ரயில் நிறுவனம் இதே திட்டத்துக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுடைய பழைய விண்ணப்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள், அதற்கு நேர்மையான கூலி கொடுங்கள். சதவீதம் கேட்பவரிடம் வேண்டாம். சதவீதக்காரருக்கு மதிப்பீடு பெருகினால் லாபம். பாதிக் கட்டை நன்றாயிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். ஆண்டுக்கு இத்தனை வேகன் வரும் என்று விண்ணப்பத்தில் எண்ணையும் ஊதிவிடுவார். அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போடுபவர் நீங்கள்.

இப்போது மிக முக்கியமான கேள்வி: தடம் யாருடையது? வழக்கமாகப் பாயின்ட்டும் (தடம் பிரியும் இடத்து அமைப்பு) அதை ஒட்டிய சிறு பகுதியும் ரயில் நிறுவனத்துடையவை, அதற்கு அப்பால் தொழிற்சாலைக்காரருடையது. எல்லை எங்கே என்பது உங்கள் சைடிங் ஒப்பந்தத்தில் இருக்கும், அலமாரியிலிருந்து எடுங்கள். ஆனால் மத்திய பென்சில்வேனியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. ரயிலை ஓட்டுபவர் வேறு, தடத்தின் சொந்தக்காரர் வேறாக இருக்கலாம். 1980களில் கான்ரெயில் என்ற பெரிய ரயில் நிறுவனம் லாபமில்லாத கிளைத்தடங்களைக் கைவிடத் தொடங்கியபோது, அவற்றைக் காப்பாற்ற மாவட்டங்கள் சேர்ந்து சேடா-காக் கூட்டு ரயில் ஆணையத்தை 1983இல் அமைத்தன. தடங்கள் அந்தப் பொது அமைப்பின் சொத்து. ரயில் ஓட்டுவது நார்த் ஷோர் குழுமத்தின் தனியார் நிறுவனங்கள். உங்கள் தடம் இப்படிப்பட்டதானால், இன்ஜினில் எழுதியிருக்கும் பெயரை நம்பி அந்த நிறுவனத்திடம் மட்டும் சம்மதக் கடிதம் வாங்கினால் போதாது. பாயின்ட்டை மாற்றச் சொந்தக்காரரான ஆணையத்தின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். பாயின்ட்டும் பொதுத் தடத்தின் ஒரு பகுதியும் ஒரே திட்டத்தில் வந்தால் ஆணையமே விண்ணப்பதாரராக இருப்பது நல்லது. உங்கள் சைடிங் மட்டும் என்றால் நீங்களே விண்ணப்பிக்கலாம். இதைத் தெளிவாக்காமல் அனுப்பிய விண்ணப்பம் கடிதப் போக்குவரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விண்ணப்பம் ஏற்பதோ ஆண்டுக்கு ஒருமுறை. தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

மதிப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். இன்று பெரிய ரயில் நிறுவனங்கள் கையளிக்கும் வேகன்கள் பாரத்தோடு 2,86,000 பவுண்டு, சுமார் 130 டன் வரை இருக்கின்றன. பழைய அளவு 2,63,000 பவுண்டு. உங்கள் தண்டவாளம் மெலிந்த பழைய ரகமாக இருந்தால், கட்டையையும் ஜல்லியையும் மட்டும் மாற்றிவிட்டுப் புதிய வேகனை ஏற்றுவது வீண் செலவு. தண்டவாளத்தின் பக்கவாட்டில் எடையும் உருட்டிய ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். சைடிங் மட்டும் 130 டன் தாங்கி, அதற்கு முன்னுள்ள பாலம் தாங்காவிட்டால் என்ன பயன்? பாலத்தைப் பற்றி ரயில் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மத்திய அரசின் பெரிய ரயில் மானியத்தின் பக்கம் போகாதீர்கள். இந்த அளவு வேலைக்கு அந்தக் காகிதச் சுமை கட்டுப்படியாகாது. சிறு ரயில் நிறுவனங்களுக்கான வரிச் சலுகையையும் உங்கள் 30 சதவீதத்துக்கு நம்ப வேண்டாம்.

பனிக்காலத்துக்கு என்ன செய்வது? மிக மோசமான இடங்களில் மட்டும், தடம் அகலாமல் நிற்கும் அளவுக்குச் சில கட்டைகளைச் சொந்தப் பணத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மானிய வேலை முடியும்வரை வேகன்களைக் குறைந்த பாரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கூடுதல் வாடகை ஆகும், பரவாயில்லை. மாற்றும் முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள். மாற்றிய கட்டைகளை விண்ணப்ப மதிப்பீட்டிலிருந்து கழித்துவிடுங்கள்.