கேளுங்க சொல்றோம்: ஒரே ரூட்டு போரடிக்குதா?

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில இருந்து பாரிமுனைக்கு தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். டி.எச். ரோடு, கல்மண்டபம்னு அதே ரூட்டு. இப்பல்லாம் சைக்கிளை எடுக்கவே சலிப்பா இருக்கு. என்ன பண்ணலாம் சார்?

பதில்: சைக்கிளை மாத்தாதீங்க, ரூட்டை மாத்துங்க. எம்.சி. ரோட்டுல காலையில துணிக்கடை எல்லாம் ஷட்டர் போட்டு காத்தாடும், சும்மா பறக்கலாம், அதையே சாயந்தரம் ட்ரை பண்ணீங்கன்னா செத்தீங்க. வாரத்துல ஒரு நாள் கால் மணி நேரம் முன்னாடி கிளம்பி காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய்ட்டு வாங்க, ஏலம் கூவுற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், கடல் காத்துன்னு தூக்கமே கலைஞ்சிடும், ஆனா ரோட்டுல மீன் தண்ணி கொட்டி வழவழன்னு கெடக்கும், அங்க முன் பிரேக்கை மட்டும் சடார்னு புடிச்சிடாதீங்க (நான் புடிச்சேன், அன்னிக்கு ஆபீஸ்ல என் பக்கத்துல யாருமே உக்காரல). உப்புக்காத்துக்கு செயின் சீக்கிரம் துருப்புடிக்கும், தொடைச்சிட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

இன்னொரு நாள் ராயபுரம் ஸ்டேஷன் முன்னாடி வண்டியை நிறுத்தி அந்தத் தூணுங்களைப் பாருங்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் அங்க இருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்புச்சு. திரும்பி வரும்போது தங்கசாலைத் தெரு, சூடா ஜிலேபி. அந்தப் பக்கம் ஒன்வே ஜாஸ்தி, எதிர்ல ஓட்டாம இறங்கித் தள்ளிக்கிட்டே போங்க.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு மட்டும் வேணாம், கண்டெய்னர் லாரிக்காரருக்கு நீங்க கண்ணுலயே பட மாட்டீங்க.