ஸ்கூட்டருக்குப் புது டயர்: அகலம் முக்கியமா, எண் முக்கியமா?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "2018-இல் வாங்கிய ஹோண்டா ஆக்டிவா வைத்திருக்கிறேன். இதுவரை 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின் டயரை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அதுவும் இப்போது நடுவில் மொட்டையாகிவிட்டது. முன் டயர் வண்டியோடு வந்தது, பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) இன்னும் நன்றாகவே இருக்கிறது. டயர் கடைக்காரர், '100/90-10 போடுங்கள், அகலமாக இருப்பதால் மழையில் வழுக்காது' என்கிறார். முன் டயரைப் பின்னால் மாற்றிவிட்டு முன்னால் மட்டும் புது டயர் போட்டால் ஒரு டயரின் செலவு மிச்சமாகும் என்றும், தம்மிடம் பழைய இருப்பு ஒன்று குறைந்த விலைக்கு இருக்கிறது என்றும் சொல்கிறார். மகளைப் பள்ளியில் விடுவது, சந்தைக்குப் போவது, சில நாள் கணவரும் உடன் வருவது என்று வண்டி தினமும் ஓடுகிறது. நான் என்ன செய்வது?"

முதலில் கடைக்காரர் சொன்ன அகலத்தைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டு பிறகு சிரமப்பட்டவர்கள் பலரை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன். உங்கள் டயரின் பக்கவாட்டில் 90/100-10 53J என்று அச்சிட்டிருக்கும். 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் (ரிம்மிலிருந்து சாலை வரை) என்பது. ஆகவே உயரமும் 90 மில்லிமீட்டர்தான். 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 254 மில்லிமீட்டர். மேலும் கீழும் 90 மில்லிமீட்டர் சேர்த்தால் டயரின் முழு விட்டம் 434 மில்லிமீட்டர் வருகிறது. கடைக்காரர் சொல்லும் 100/90-10-ஐயும் இதே முறையில் கணக்கிடுங்கள்: 100-இல் 90 சதவீதம் 90, எனவே அதன் விட்டமும் அதே 434 மில்லிமீட்டர்தான். வண்டியின் உயரமும் ஸ்பீடோமீட்டரும் மாறாது என்பதால், "அப்படியே உட்கார்ந்துவிடும்" என்று அவர் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் சிக்கல் உயரத்தில் இல்லை. ஆக்டிவாவின் ரிம், 90 மில்லிமீட்டர் டயருக்காகக் குறுகலாகச் செய்யப்பட்டது. அதில் அகலமான டயரை மாட்டும்போது, டயரின் இரண்டு ஓரங்களும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, சாலையைத் தொட வேண்டிய முதுகுப்பகுதி கூடுதலாக வளைந்து எழும்பிவிடுகிறது. நேராக ஓடும்போது சாலையைத் தொடும் பரப்பு நீங்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கூடுவதில்லை. வளைவில் சாயும்போதோ வண்டி பழகிய விதத்தில் சாயாமல், சட்டென்று விழுவதுபோல் ஓர் உணர்வைத் தருகிறது. இன்னொன்று, பின் சக்கரத்தின் இடப்பக்கம் கியர் பெட்டியும் வலப்பக்கம் சைலன்சரும் நெருக்கமாக இருப்பவை. பத்து மில்லிமீட்டர் அகலம் கூடினால் ஒவ்வொரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி போய்விடும். கடையில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது எங்கும் உரசாது. இரண்டு பேர் ஏறி, ஒரு பள்ளத்தில் இறங்கி, ஈரச் சேறும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் உரசத் தொடங்கும். அப்படி உரசிய ஒரு டயரைக் கழற்றிப் பார்த்தபோது, வெளியே தெரியாத உட்பக்கத்தில் சுற்றிலும் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவப்பட்டு, உள்ளே இருக்கும் நூல் இழை வெள்ளையாகத் தெரிந்தது. அந்த வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. "கொஞ்ச நாளாக ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும்தான் சொன்னார்.

எனவே 90/100-10-ஐ விட்டு நகராதீர்கள். மழைப்பிடிமானத்துக்கு அகலம் தேவையில்லை. நல்ல ரப்பரும், நீரை வெளியேற்றும் ஆழமான வரிகளும், சரியான காற்றும் போதும். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 53J-ஐயும் பார்க்காமல் வாங்காதீர்கள். 53 என்பது எடைக் குறியீடு: அந்த டயர் சரியான காற்றழுத்தத்தில் 206 கிலோ வரை தாங்கும் என்று பொருள். J என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பது. உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வண்டி ஏறத்தாழ 110 கிலோ. நீங்களும் கணவரும் மகளும் சேர்ந்து 165 கிலோ, பைகள் 10 கிலோ என்று வைத்தால் மொத்தம் 285 கிலோ. ஸ்கூட்டரில் எஞ்சினே பின்னால்தான் இருக்கிறது, பின்னால் அமர்பவர் எடையும் அங்கேதான் இறங்குகிறது. தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால் பின் டயர் மட்டும் 190 கிலோ சுமக்கிறது. எல்லை 206. பள்ளத்தில் விழும் அடியை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை. பழைய அளவான 3.50-10 டயர் இதே ரிம்மில் உட்காரும், விலையும் சற்றுக் குறையலாம்; ஆனால் அதில் பெரும்பாலும் 51 என்றுதான் இருக்கும், அதாவது 195 கிலோ. உங்களுக்கு அது வேண்டாம். (சட்டப்படி பின்னால் ஒருவர் மட்டுமே அமரலாம். மூவராகப் போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது, டயரின் இந்தக் கணக்கை அறிந்த கவலையால்.)

அடுத்தது முன் டயரைப் பின்னால் போடும் யோசனை. உங்கள் வண்டியில் இரண்டு சக்கரமும் ஒரே அளவு என்பதால் இது நடக்கக்கூடியதுதான், அதனாலேயே ஆபத்தானதும்கூட. முன் டயர் தேயவில்லை என்பது உண்மை. அது தேயாததற்குக் காரணம் அதன் தரம் மட்டுமல்ல, அதன்மேல் எடை குறைவாக விழுந்ததும், எஞ்சினின் இழுப்பு அதற்கு இல்லாததும்தான். ஆனால் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். வெயில், காற்றிலுள்ள ஓசோன், நிறுத்தி வைத்திருக்கும் காலம் ஆகியவை அதை இறுக வைக்கின்றன. நாளை காலை வெளிச்சத்தில் முன் டயரின் அருகே அமர்ந்து, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தை விரல்களால் சற்று விரித்துப் பாருங்கள். அடிப்பகுதியில் தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், அல்லது ரிம்முக்கு மேலே பக்கவாட்டில் வலை பின்னியதுபோல் கோடுகள் ஓடினால், அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது. நகத்தை அழுத்தினால் புது ரப்பர் சற்றே உள்வாங்கும். முதிர்ந்தது நகத்தை ஏற்காது. 2018-இல் வந்த டயருக்கு இந்நேரம் பட்டன் இருப்பது பெரிய ஆறுதல் அல்ல. நம்மூர் வெப்பத்தில் ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். ஆறு ஆண்டுக்கு மேல், தேய்ந்திருக்காவிட்டாலும் மாற்றச் சொல்வேன். அப்படி இறுகிய டயரை, வண்டியின் மூன்றில் இரண்டு பங்கு எடை விழும் இடத்துக்கு மாற்றுவது, தளர்ந்த கையில் கூடுதல் சுமையைக் கொடுப்பது போன்றது.

முன் டயரின் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னே சரிகிறது; அந்த நொடியில் உங்களை நிறுத்துவது முன் டயர்தான். பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுந்த பிறகே தெரியும். ஆகவே என் முடிவு: இரண்டையும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இயலாவிட்டால், மொட்டையான பின் டயரை இந்த வாரமே மாற்றிவிட்டு, மழை வலுக்கும் முன் முன் டயரையும் மாற்றுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் உண்டு என்பதால் உங்களுக்கு ஒத்திப்போடக் காலம் குறைவு.

தேய்மானத்துக்குச் சட்ட அளவும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-ஆம் விதி இருசக்கர வாகன டயரின் வரி ஆழத்துக்கு 0.8 மில்லிமீட்டர் எல்லை வைத்திருக்கிறது. டயரின் ஓரத்தில் தேய்மானக் குறியாகச் சிறு முக்கோணமோ TWI என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் முடிந்தது. மழையில் தினமும் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பட்டன் வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; வெட்டப்படுவது நூல் இழையைக் காக்கும் கடைசி ரப்பர் அடுக்கு.

குறைந்த விலைப் பழைய இருப்பு குறித்து: டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளை ஒட்டியோ தனியாகவோ ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2225 என்றால் 2025-இன் 22-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 1121 என்றால் 2021-இன் 11-ஆம் வாரம். நிழலில், மின் மோட்டார் ஓடாத அறையில் (மோட்டாரிலிருந்தும் ஓசோன் வரும்) நிறுத்தி வைத்த டயர் ஒன்றிரண்டு ஆண்டு பழையதாக இருந்தாலும் கெட்டுப்போவதில்லை. ஓராண்டுக்குள் செய்யப்பட்டதைக் கேளுங்கள், இரண்டாண்டு வரை ஏற்கலாம். நான்காண்டு கடந்ததை, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், வாங்க வேண்டாம். வெயிலில் கடை வாசலில் மாட்டித் தொங்கும் டயர்களையும் தவிர்த்துவிடுங்கள். ISI முத்திரையும் அதனோடு IS 15627 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களுக்கான இந்தியத் தரம் அது.

எந்த நிறுவனம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எம்.ஆர்.எஃப்., சியட், டி.வி.எஸ். யூரோகிரிப், அப்பல்லோ, ஜே.கே., மிச்செலின் என்று ஸ்கூட்டர் டயர் விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஒரே நிறுவனத்திலும் மென்மையான ரப்பரில் செய்தவையும் கடினமான ரப்பரில் செய்தவையும் இருக்கின்றன. மென்மையானது ஈரச் சாலையை இறுகப் பிடிக்கும், விரைவில் தேயும். கடினமானது நீண்ட நாள் உழைக்கும், மழையில் சற்றுப் பின்தங்கும். "அதிகக் கிலோமீட்டர் ஓடும்" என்று விற்கப்படுவதை வாங்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மழையையும் மகளையும் நினைத்து நான் பிடிமானத்தின் பக்கமே நிற்பேன். முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருந்தால் வண்டியின் நடத்தை சீராக இருக்கும்.

உங்கள் வண்டி டியூப்லெஸ் ரிம் கொண்டது, அதாவது உள்ளே டியூப் இல்லாமல் டயரே காற்றைப் பிடித்து வைக்கும். பஞ்சருக்குப் பயந்து உள்ளே டியூப் போடச் சொல்பவர்கள் உண்டு, வேண்டாம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்கி உங்களுக்கு நிறுத்த நேரம் கொடுக்கும். டியூப் கிழிந்தால் ஒரே மூச்சில் இறங்கிவிடும். ரிம் வளைந்தோ துருப்பிடித்தோ காற்று நிற்கவில்லை என்றால் ரிம்மைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் தீர்வு.

டயரை மாட்டுவதைக் கூடவே நின்று பாருங்கள். பின் சக்கரத்தைக் கழற்ற சைலன்சரை இறக்க வேண்டும் என்பதால், வண்டி சூடாறிய பிறகு போவது நல்லது. மீண்டும் மாட்டும்போது சைலன்சரின் கேஸ்கெட்டை (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் வளையம்) பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் கழன்ற நிலையில் பின் பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பழைய ரப்பர் வால்வை அப்படியே விடாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அதன் விலை சிறியது. டயரிலுள்ள அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். சில டயர்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி அம்பு இருக்கும். காற்று நிரப்பிய பின், டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை; காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி மீண்டும் ஏற்ற வேண்டும்.

காற்றின் அளவை டயரில் எழுதியிருக்கும் உச்ச எண்ணைப் பார்த்து நிரப்பக் கூடாது. அது தாங்கும் எல்லை, ஓட்டும் அளவு அல்ல. உங்கள் வண்டியின் கையேட்டிலும் வண்டியில் ஒட்டிய தாளிலும் தனியாக ஓட்டும்போது எவ்வளவு, ஒருவரை ஏற்றும்போது எவ்வளவு என்று இரண்டு அளவுகள் இருக்கும். மேலே சொன்ன 206 கிலோவெல்லாம் அந்தக் காற்று இருந்தால்தான். வாரம் ஒருமுறை, காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டயரின் மேற்பரப்பில், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கும்போது படிந்த வழவழப்பு இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்குச் சாய்ந்து திரும்புவதையும் சட்டென்று பிரேக் பிடிப்பதையும் தவிர்த்து ஓட்டினால் அது தானாகத் தேய்ந்துவிடும். டயரை மாற்றிய அன்றே மழையில் போக நேர்ந்தால் மெதுவாகவே போங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை காற்றைப் பார்த்து, குறைந்திருந்தால் வால்வின் அடியிலும் ரிம்மின் ஓரத்திலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பில்லுடன் அதே கடைக்குப் போய், மாட்டியதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.