கேசட்டில் இருக்கும் குரல்களைக் கணினிக்கு ஏற்றுவது: கேள்வி பதில்

மியான்மரின் யாங்கோனில் நாற்பது வருடங்களாக ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்து வருகிறேன். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-இல். அடுத்த ஆண்டிலிருந்து இங்கிருந்த இந்திய வம்சாவளியினர் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிரிந்துபோன சொந்தங்கள் பின்னாளில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். என் மேசைக்கு வருபவற்றில் பாதி அப்படிப்பட்டவைதான். அதனால் இந்தக் கேள்விகளை வெறும் இயந்திரக் கோளாறாக என்னால் பார்க்க முடியவில்லை.

ஐயா, டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு வயர் கொடுத்தேன். குரல் கிழிந்து கேட்கிறது. ஸ்டீரியோ பாட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. (பெகு)

தம்பி, மடிக்கணினியில் இருக்கும் அந்த ஒற்றைத் துளை மைக்குக்கானது. மைக்கின் மெல்லிய மின்னோட்டத்தைப் பலமடங்கு பெருக்குவது அதன் வேலை. ஹெட்போன் துளையிலிருந்து வருவதோ ஏற்கெனவே பெருக்கப்பட்டது; வாய்க்காலில் ஆற்றைத் திறந்துவிட்ட கதைதான். ஒரே தடத்தைத்தான் அது பதியும் என்பதால் ஸ்டீரியோவும் போய்விடுகிறது. ‘லைன் இன்’ என்று எழுதியிருக்கும் யுஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் விரல் அளவுக் கருவிகள் பெரும்பாலும் மைக்குக்கு மட்டுமே. ரெக்கார்டரின் ஒலியளவை மூன்றில் ஒரு பங்கில் வைத்து ஆரம்பியுங்கள். கேசட்டில் மிக உரக்க வரும் இடம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் அளவுகோலில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியை முழுமையாக மீட்டுத் தர எந்த மென்பொருளாலும் ஆகாது.

பஜனையில் பாட்டு நின்றதும் இரைச்சல் பொங்கி எழுகிறது, பாடத் தொடங்கினால் அமுங்குகிறது. (மோல்மீன்)

கேசட்டில் குறையில்லை. பேச்சுக்காகக் கணினி தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள்.

ஓயாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஓசை. (யாங்கோன்)

அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நம் ஊரில் மின்சாரம் போகும் நேரத்தை இதற்கென்றே ஒதுக்கலாம். ரெக்கார்டருக்கும் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் அம்மாயி தாலாட்டுப் பாடிய கேசட். ஆரம்பத்தில் அவர் குரல்தான். போகப்போக வேகம் கூடி, கடைசியில் சின்னப் பிள்ளை பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. அம்மா கேட்டுவிட்டு அழுதுவிட்டார். (தட்டோன்)

தங்கையே, இந்தக் கோளாறைத்தான் நம் வீட்டுக் கேசட்டுகளில் அதிகம் பார்க்கிறேன். பதிவு செய்த அன்று ரெக்கார்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்திருக்கிறது. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மோட்டார் தளர்ந்தபோது அதற்கும் குறைவாக ஓடியிருக்கிறது. இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது, அன்று மெதுவாகப் பதிந்தது வேகமாகவும் கீச்சென்றும் கேட்கிறது.

முதலில் நன்றாகத் தெரிந்த வேறொரு கேசட்டை அதே ரெக்கார்டரில் போடுங்கள். அதிலும் வேகம் தடுமாறினால் குற்றம் உள்ளேயிருக்கும் ரப்பர் பெல்ட்டில். அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. அந்த வேறு கேசட் ஒழுங்காகப் பாடினால், அம்மாயி கேசட்டை உள்ளபடியே முழுக்கப் பதிந்துகொள்ளுங்கள். திருத்தத்தை அதன் பிரதியில் செய்ய வேண்டும். ஆடாசிட்டியில் ‘ஸ்லைடிங் ஸ்ட்ரெட்ச்’ என்ற கருவி இருக்கிறது. தொடக்கத்தில் எத்தனை விழுக்காடு, முடிவில் எத்தனை விழுக்காடு என்று கொடுத்தால் நடுவில் அதுவே படிப்படியாக இறக்கிக்கொண்டு போகும். தாளத்தையும் சுருதியையும் ஒரே அளவில் குறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் குறைத்தால் குரல் யாருடையதோ ஆகிவிடும். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ 6 விழுக்காடு வித்தியாசம். முதல் அடியையும் கடைசி அடியையும் ஆர்மோனியத்தில் ஒத்திப் பார்த்தால், எத்தனை கட்டை ஏறியிருக்கிறது என்பது பிடிபடும். பேட்டரி ஒரே சீராகத் தளர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் மேலான அளவுகோல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் “இதுதான் என் ஆத்தா குரல்” என்று சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. அப்படியே ஓட்டலாமா? (பெகு)

ஓட்டவே கூடாது. அது பூஞ்சை. மே தொடங்கி அக்டோபர் வரை பெய்கிற நம் மழை அதற்குத் தீனி போடுகிறது. ஓட்டினால் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் மென்மையான தூரிகையால் ஓரத்தைத் துடையுங்கள். மூடி திருகாணி போட்டதாக இருந்தால் நாடாவை எடுத்து நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். வெயிலில் காய வைக்காதீர்கள், கூடு வளைந்துவிடும். காய்ந்த பின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது. (மாந்தலே)

மூன்று இடங்களைப் பாருங்கள். ஹெட்டில் பழுப்பு அழுக்கு இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கேசட்டின் வாய்க்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு விழுந்துபோயிருக்கலாம். பழைய வெற்றுக் கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டலாம். இரண்டும் சரியென்றால் ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில் போட்ட சின்னத் திருகாணி இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ‘ஸ’, ‘ச’ ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் விடுங்கள். அன்று பதிந்த ரெக்கார்டரின் சாய்வு வேறு என்பதால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். சோம்பல் படாமல் செய்ய வேண்டிய வேலை.

பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுகிறார்கள்! (மோல்மீன்)

பயப்பட வேண்டாம். கேசட்டின் மறுபக்கத்தில் இருப்பது கசிகிறது. ஹெட் சற்று மேலே அல்லது கீழே நகர்ந்திருக்கிறது.

இரைச்சல் நீக்கியைப் போட்டேன். இரைச்சல் போனது, தாத்தா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. மூலப் பதிவை அழித்துவிட்டேன். என்ன செய்யலாம்? (யாங்கோன்)

கேசட் இருக்கிறதல்லவா, மறுபடி முதலிலிருந்து பதியுங்கள். இரைச்சலும் மூச்சொலியும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் பெயர்ந்து வரும். சீறல் கொஞ்சம் இருக்கட்டும், ஐந்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். மூலத்தை 44.1 கிலோஹெர்ட்ஸில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக வையுங்கள். 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் பிடிக்கும். இடம் போதவில்லையென்றால் ஃப்ளாக் கோப்பாக்குங்கள். தரம் குறையாமல் சுருங்கும். எம்பி3 உறவினர்களுக்கு அனுப்ப மட்டும். இரண்டு வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவிடுங்கள். கேசட் உறையில் எழுதியிருப்பதையும் படமெடுத்து அதே இடத்தில் போடுங்கள். பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.